கேஷுவாலிட்டி டியூட்டியில் கற்றுக்கொள்வது எப்படி, ஃபீட்பேக் கேட்டு வாங்குவது எப்படி: புதிதாக வருகிறவர்களுக்கு

கடலூர், புதுச்சேரிப் பக்கம் அவசர மருத்துவப் பிரிவில் டியூட்டி சேரப்போகிற ஹவுஸ் சர்ஜன்களுக்கும் (எம்.பி.பி.எஸ். முடிவில் பயிற்சி வருடத்தில் இருப்பவர்கள்) முதல் வருட பி.ஜி.க்களுக்கும் (முதுநிலை மாணவர்கள்) தான் இதை எழுதுகிறேன். நோய்களைப் பற்றி எதுவும் சொல்லித்தரப் போவதில்லை, அதற்குத் தடித்தடியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. அந்தக் கூட்டத்திலும் சத்தத்திலும் நின்றுகொண்டு யாரிடம், எப்போது, எதைக் கேட்டால் நாலு விஷயம் தெரிந்துகொண்டு ரூமுக்குத் திரும்பலாம் என்பதுதான் இங்கே விஷயம். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஒன்றரை வருடம் வீணாகப் போன பிறகு தானாகப் புரிந்தது.

முதலில் நான் எப்படி மாட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன். பி.ஜி. சேர்ந்து மூன்றாவது மாதம், ராத்திரி இரண்டு மணி இருக்கும். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் பாம்பு கடித்தது என்று ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிட டெஸ்ட்டை நான்தான் வைத்தேன். கண்ணாடி ட்யூபில் 2 மில்லி ரத்தம் எடுத்து வைத்தாயிற்று, ஆனால் பதற்றத்தில் சும்மா இருக்க முடியவில்லை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். கடைசியில் உறைந்ததா இல்லையா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. திரும்ப வைக்க வேண்டியதாயிற்று. காலை ரவுண்ட்ஸில் பதினைந்து பேர் முன்னால் 'இதுகூடத் தெரியாமல் உனக்கு எப்படி சீட் கிடைத்தது' என்று திட்டு விழுந்தது. நான் எந்த இடத்தில் தப்பு செய்தேன் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. டியூட்டி முடிந்து கிளம்பும்போது நைட் சிஸ்டர் கூப்பிட்டுச் சொன்னார்: "டாக்டர், ட்யூபை வச்சிட்டா அப்புறம் கையே வைக்காதீங்க. 20 நிமிஷம் கழிச்சு ஒரே ஒரு தடவை சாய்ச்சுப் பாருங்க. கழுவி வச்ச ட்யூபை எடுக்காதீங்க, புதுசு எடுங்க." அவ்வளவுதான் சொன்னார், பத்து விநாடிகூட ஆகியிருக்காது. அதற்கப்புறம் அந்த டெஸ்ட்டை நான் தப்பாகச் செய்ததே இல்லை.

காலையில் கிடைத்தது திட்டு. சிஸ்டர் கொடுத்ததுதான் ஃபீட்பேக்: அவர் கண்ணால் பார்த்தது என்ன, அடுத்த தடவை நான் செய்ய வேண்டியது என்ன, இந்த இரண்டும் அதில் இருந்தன. இந்த மாதிரி பத்து விநாடிகளை எப்படிச் சம்பாதிப்பது என்பதற்கான வழிகள்தான் கீழே இருக்கின்றன.

1. சேருவதற்கு முன்பே தயார் செய்ய வேண்டியவை

பி.ஜி.க்கள் கவனிக்க. பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். (இதயம் நின்றால் உயிர் காக்கும் அடிப்படைப் பயிற்சியும் மேல்நிலைப் பயிற்சியும்) இரண்டையும் முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையமான என்.எம்.சி.யின் 2023 முதுநிலை விதிகளிலேயே இருக்கிறது. கூடவே ஆராய்ச்சி முறைகள், ஆராய்ச்சி நெறிமுறைகள் குறித்த கோர்ஸ்களும் உண்டு. இதையெல்லாம் முதல் வருடத்திலேயே, முடிந்தால் முதல் மூன்று மாதத்திலேயே முடித்துவிடுங்கள், தேர்வு நேரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் ஓடுவார்கள், இடம் கிடைக்காது. பி.எல்.எஸ். ஒரு நாள், ஏ.சி.எல்.எஸ். பெரும்பாலும் இரண்டு நாள். வெளியில் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் கல்லூரி ஸ்கில் லேபிலேயே நடத்துகிறார்களா என்று துறை அலுவலகத்தில் கேளுங்கள். நான் கேட்காமல் சென்னைக்குப் போய்க் கட்டினேன், பஸ், சாப்பாடு, ரூம் எல்லாம் சேர்த்து பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. அடுத்த மாதமே எங்கள் கல்லூரியில் பாதி விலைக்கு வைத்தார்கள்.

இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. வீடியோ பார்த்துக் கேள்விக்கு டிக் அடித்தால் உடனே பி.டி.எஃப். வருகிற ஆன்லைன் சான்றிதழ்களை நம்பாதீர்கள், மேனிகின் என்கிற பயிற்சிப் பொம்மைமேல் கை வைத்துச் செய்து காட்டித் தேர்ச்சி பெற்றதாக இருக்க வேண்டும். இன்னொன்று, இந்தக் கோர்ஸ்களுக்குத் தருகிற அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் கார்டுக்கு ஆயுள் இரண்டு வருடம்தான். ஹவுஸ் சர்ஜனாக இருக்கும்போதே ஆர்வத்தில் முடித்தவர்களுக்குப் பி.ஜி. நடுவில் காலாவதியாகிவிடும், கார்டில் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டாயிற்றா? 0, 1, 6 மாதக் கணக்கு. போட்ட பிறகு ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ஒரு டெஸ்ட் எடுத்து அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். ஊசி குத்தின ராத்திரியில் அந்தக் காகிதத்தைத் தேடுகிற கஷ்டத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ஹவுஸ் சர்ஜன்களுக்குப் பிரச்சினையே வேறு. 12 மாதத்தில் கேஷுவாலிட்டிக்கு இரண்டே வாரம்தான். அதில் முதல் மூன்று நாள் பொருள் எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே போய்விடும். அதனால் போஸ்டிங் ஆரம்பிப்பதற்கு முந்தைய நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் சும்மா போய் வாருங்கள். லாரிங்கோஸ்கோப் (தொண்டைக்குள் பார்க்கிற கருவி), டீஃபிப் (இதயத்துக்கு ஷாக் கொடுக்கிற கருவி), அட்ரோபின், பாம்பு விஷமுறி மருந்து, கண்ணாடி ட்யூப், ஏ.ஆர். புத்தகம் (விபத்துப் பதிவேடு), இத்தனையும் எங்கே என்று சிஸ்டரிடம் கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். முந்தின நாளே வந்து கேட்ட பையன், பெண் என்று அவர்களுக்கும் முகம் ஞாபகம் இருக்கும். அது பிறகு எவ்வளவு உதவும் என்று உங்களுக்கே தெரியும்.

2. நேரம் பாருங்கள்

கேட்கிற கேள்வி சரியாக இருந்து நேரம் தப்பாக இருந்தால் எரிந்துதான் விழுவார்கள், அவர்கள்மேல் குற்றமில்லை. எங்கள் பக்கத்துக் கணக்கு இது: சனி, ஞாயிறு ராத்திரி கிழக்குக் கடற்கரைச் சாலை, பாண்டிச்சேரி வார இறுதிக் கூட்டம், ஹெல்மெட் இல்லாத பைக், எல்லாம் சேர்ந்து பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை மூச்சுவிட முடியாது. திங்கள் காலையும் அப்படியே. மாசி மகம், டிசம்பர் 31 ராத்திரி, இதெல்லாம் கற்றுக்கொள்ளும் நாட்கள் இல்லை, சொன்னதைச் செய்கிற நாட்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்த நாட்களும் அதே கணக்கில்தான்.

மத்தியான நேரத்தில் இரண்டிலிருந்து நாலு, விடியலில் ஐந்திலிருந்து ஏழு, இந்த இரண்டு இடைவெளிதான் எனக்குக் கைகொடுத்தவை. இதைவிட நல்லது அடுத்த டியூட்டி ஆட்களிடம் கேஸ்களை ஒப்படைக்கிற ஹேண்ட் ஓவர் முடிந்த கையோடு வருகிற மூன்று நிமிடம். சீனியர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருப்பார், மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும், நடந்தது எல்லாம் அவருக்கு இன்னும் ஞாபகத்தில் இருக்கும். "அண்ணா, டீ சாப்பிடலாமா" என்று கேளுங்கள். இருபது ரூபாயில் வேலை முடியும். கான்ஃபரன்ஸ் ஹாலில் பவர்பாயிண்ட் போட்டு நடந்த வகுப்புகளைவிட ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் நான் கற்றுக்கொண்டது அதிகம்.

ஆனால் ஒன்று, அன்றைக்கே கேளுங்கள். 'போன வாரம் அந்த ஆஸ்துமா கேஸ்' என்று ஆரம்பித்தால் அவருக்கு அதற்கப்புறம் இருநூறு கேஸ் ஓடியிருக்கும். டீக்கடையில் நோயாளியின் பெயரையோ படுக்கை எண்ணையோ சொல்லவும் வேண்டாம், பக்கத்து பெஞ்சில் அவருடைய மச்சான் உட்கார்ந்திருப்பார்.

3. எப்படிக் கேட்பது

"சார், நான் எப்படிப் பண்ணேன்?" என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "பரவாயில்லப்பா, இன்னும் படிக்கணும்." இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு வருடம் நான் இதே கேள்வியைக் கேட்டு இதே பதிலை வாங்கிக்கொண்டிருந்தேன்.

டியூட்டி ஆரம்பிக்கும்போதே ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். "மேம், இன்னைக்கு மூச்சுத்திணறலோட யாராவது வந்தா, முதல் ரெண்டு நிமிஷம் நான் என்ன வரிசையில பாக்கறேன்னு மட்டும் கவனிச்சுச் சொல்லுங்க." இப்படிச் சொன்னால் அவர் கண் அதைப் பார்க்கும். சொல்லாவிட்டால் அவர் பார்ப்பது நோயாளியை மட்டும்தான், அதுதான் அவருடைய வேலையும்கூட. கேஸ் முடிந்ததும் "ஒண்ணு நான் மாத்தணும்னா எதை மாத்தணும்?" என்று கேளுங்கள். 'ஒண்ணு' என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். ஒன்று கேட்டால் யோசித்துச் சொல்வார்கள், எல்லாவற்றையும் கேட்டால் 'எல்லாம் ஓகே' என்று நழுவிவிடுவார்கள்.

டாக்டர்களிடம் மட்டும் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். நீங்கள் ஐ.வி. லைன் போடும் விதம் பற்றி சிஸ்டருக்குத் தெரிந்த அளவு உங்கள் புரொஃபசருக்குத் தெரியாது. 108 ஆம்புலன்ஸில் வருகிற அவசர மருத்துவ டெக்னீஷியனான இ.எம்.டி.யிடம் "நான் கேஸ் வாங்கிக்கும்போது ஏதாவது கேக்காம விட்டேனா?" என்று ஒரு தடவை கேட்டேன். "நாங்க வழியில என்ன மருந்து கொடுத்தோம்னு நீங்க கேக்கவே இல்ல சார்" என்றார். சுருக்கென்று இருந்தது, ஆனால் உண்மை. இன்னொரு ஆள் அட்டெண்டர் அண்ணன். ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போகும்போது நோயாளியின் சொந்தக்காரர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது அவர் காதில்தான் விழும். 'டாக்டரு சொன்னது ஒண்ணும் வெளங்கல' என்று அவர்கள் சொன்னது நம் காதுக்கு வரவேண்டுமா, இல்லையா?

4. கேஸைச் சொல்லும் விதத்திலேயே பாடத்தை வரவழைக்கலாம்

சீனியரிடம் போய் ஹிஸ்டரி முழுவதையும் ஒப்பித்துவிட்டு 'இப்ப என்ன பண்றது சார்' என்று நின்றால் அவர் ஆர்டர் போடுவார், நீங்கள் ஓடுவீர்கள், அங்கே பாடம் எதுவும் இருக்காது. ஸ்னாப்ஸ் என்று ஒரு முறை இருக்கிறது. கேஸை இரண்டு மூன்று வாக்கியத்தில் சுருக்குவது, இரண்டு மூன்று நோய்க்குள் குறுக்குவது, எதனால் இது, எதனால் அது இல்லை என்று ஒப்பிடுவது, தெரியாததைச் சீனியரிடம் கேட்பது, என்ன செய்யப்போகிறேன் என்று சொல்வது, பிறகு அதிலிருந்து படிக்க ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வது. வாயால் சொல்லிப் பார்த்தால் ஒன்றரை நிமிடம்தான்.

ஒரு கேஸ் சொல்கிறேன். தேவனாம்பட்டினத்திலிருந்து ஐம்பது வயதைத் தாண்டிய மீனவர் ஒருவர், 'நெஞ்சைக் கரிக்குது டாக்டர், சாயங்காலம் சாப்பிட்டது ஒத்துக்கல' என்று வருகிறார். என் ஜூனியர் ஒருத்தி இப்படிச் சொன்னாள்: "அண்ணா, அம்பத்து ரெண்டு வயசு, சுகர் இருக்கு, ரெண்டு மணி நேரமா நெஞ்சுக் கரிப்பு, வேர்த்திருக்கு. எனக்கு ரெண்டு சந்தேகம், ஹார்ட் அட்டாக், இல்லன்னா அசிடிட்டி. வேர்வையும் சுகரும் இருக்கறதால முதலாவதைத்தான் நான் பயப்படறேன். வந்த அஞ்சாவது நிமிஷம் இ.சி.ஜி. எடுத்துட்டேன், கீழ்ப்பக்க லீட்ல எஸ்.டி. ஏறியிருக்கு. நைட்ரேட் கொடுக்கலாமான்னு தெரியல, அதைச் சொல்லுங்க." கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். எங்கே தெரியவில்லை என்று அவளே விரல் வைத்துக் காட்டிவிட்டாள். நான் சொல்ல வேண்டியது அந்த ஒன்றுதான்: வலது பக்க லீட் எடுத்துப் பார்க்காமல், பி.பி. பார்க்காமல் நைட்ரேட் (ரத்தக் குழாயை விரிக்கிற மருந்து) வேண்டாம். அரை நிமிடம். அவளுக்கும் மறக்காது.

நெஞ்சு வலியோடு வந்தால் பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நம் ஊரில் நெஞ்சு வலி என்ற பெயரிலா வருகிறது? 'கரிக்குது', 'மாரை அடைக்குது', 'வாயுப் பிடிப்பு', 'ஒரு மாதிரியா வருது' என்றெல்லாம் வரும். கேரளாவிலிருந்தோ ஆந்திராவிலிருந்தோ வடக்கேயிருந்தோ வந்து படிக்கிற பி.ஜி. நண்பர்கள், அன்றைக்குக் காதில் விழுந்த இந்த மாதிரி வார்த்தைகளை எழுதிவைத்துக்கொண்டு யாரிடமாவது அர்த்தம் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கமே வேண்டாம். தமிழ்க்காரர்களான நாங்களே கடலூர்ப் பேச்சில் சிலதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம்.

5. ஆளே இல்லாமல் கிடைக்கும் ஃபீட்பேக்

எனக்கு அதிகமாகப் பயன்பட்டது இதுதான். செலவு நாற்பது ரூபாய், சட்டைப் பையில் அடங்குகிற ஒரு நோட்டு.

அவசரப் பிரிவில் நாம் ஒரு நோயாளியைப் பார்த்து ஏதோ ஒன்று என்று நினைத்து வார்டுக்கோ ஐ.சி.யு.வுக்கோ அனுப்பிவிடுகிறோம். பிறகு அவருக்கு என்ன ஆயிற்று? தெரியாது. நாம் நினைத்தது சரி என்றே நினைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்கும் அதையே செய்வோம். அதனால் ஒவ்வொரு டியூட்டியிலும் மூன்று கேஸ் மட்டும் எழுதுங்கள்: தேதி, ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), நான் நினைத்த நோய், நான் செய்தது, எவ்வளவு உறுதியாக இருந்தேன். இரண்டு நாள் கழித்து வார்டுக்குப் போய்க் கேஸ் ஷீட்டைப் பார்த்து எதிர்ப் பக்கத்தில் கடைசியில் என்ன நோய் என்று எழுதுங்கள். மூன்று என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதலில் எல்லாக் கேஸையும் எழுதுவேன் என்று ஆரம்பித்து நாலே நாளில் விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. வயதானவர்கள் 'மயக்கமா இருக்கு' என்று வந்தால் நான் பாதிப்பேரைச் சோடியம் குறைவு என்று அனுப்பியிருந்தேன். அதில் பலருக்குக் கிருமித் தொற்று. எந்தச் சீனியரும் இதை எனக்குச் சொல்லியிருக்க முடியாது, யாரும் என்னுடைய எல்லா டியூட்டியிலும் கூட இருக்கவில்லையே.

எச்சரிக்கை: நோயாளியின் பெயர், ஊர், போன் எண் எதையும் நோட்டில் எழுதாதீர்கள். எக்ஸ்ரே, காயம், இ.சி.ஜி. எதையும் பெயரோடு உங்கள் போனில் படம் பிடித்துப் படிப்பதற்காக என்று வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். போலீஸ், கோர்ட் வரை போகக்கூடிய மெடிக்கோ-லீகல் கேஸாக இருந்தால் இன்னும் மோசம், விசாரணை என்று வந்தால் யார் காப்பாற்றுவார்கள்? வார்டில் கேஸ் ஷீட் பார்க்கும்போதும் அங்கே இருக்கிற டியூட்டி டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பாருங்கள்.

6. லாக் புக், படிவங்கள், கையெழுத்து

செய்ததையெல்லாம் எழுதிச் சீனியரிடம் கையெழுத்து வாங்குகிற லாக் புக் இல்லாமல் தேர்வுக்குப் போக முடியாது. இதில் எல்லாரும் செய்கிற தப்பு, பிறகு சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று விடுவது. நானும் விட்டேன். நான்கு மாதம் எனக்கு இன்டுபேஷனும் (மூச்சுக்குழாயில் ட்யூப் போடுவது) சென்ட்ரல் லைனும் (பெரிய ரத்தக் குழாயில் லைன் போடுவது) சொல்லித்தந்த அசிஸ்டன்ட் புரொஃபசர் திடீரென்று வேலை மாறிப் போய்விட்டார். கையெழுத்து இல்லாத பக்கங்களைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் வரைக்கும் தேடிப் போனேன். அவர் நல்லவர், போட்டுக்கொடுத்தார். ஆனால் பாதி கேஸ் அவருக்கு ஞாபகமே இல்லை, எனக்கும் இல்லை.

ஒரு ப்ரொசீஜர் செய்தால் அன்றைக்கே எழுதுங்கள், அந்த வாரத்துக்குள் கையெழுத்து. வேடிக்கை பார்த்ததா, உதவி செய்ததா, சீனியர் பக்கத்தில் நிற்க நீங்கள் செய்ததா, தனியாகச் செய்ததா என்று ஒளிக்காமல் எழுதுங்கள். முதல் மாதத்திலேயே எல்லாவற்றையும் தனியாகச் செய்தேன் என்று எழுதியிருந்தால் பார்க்கிற எக்ஸாமினருக்குச் சிரிப்புத்தான் வரும். முடியாமல் போனதையும் எழுதுங்கள். இரண்டு தடவை முயன்று முடியாமல் சீனியர் போட்ட ட்யூப், எதனால் முடியவில்லை என்று ஒரு வரி. என் லாக் புக்கில் எக்ஸாமினர் கேள்வி கேட்டது அந்த வரிகளில் இருந்துதான்.

மினி சி.இ.எக்ஸ்., டாப்ஸ் என்று இரண்டு படிவங்கள் வரும். முதலாவதில் நீங்கள் நோயாளியிடம் பேசுவதையும் பரிசோதிப்பதையும் ஒருவர் கூட நின்று பார்ப்பார், இரண்டாவதில் ஒரு ப்ரொசீஜர் செய்வதைப் பார்ப்பார். பார்க்க 15, 20 நிமிடம், சொல்ல ஐந்து நிமிடம். ஐந்து நிமிடம் சொல்வதுதான் படிவத்தின் உயிரே. ஆனால் நம்மூரில் நடப்பது என்ன? செமஸ்டர் கடைசியில் பத்துப் படிவத்தைக் கட்டாகக் கொண்டுபோய், எதையும் பார்க்காமல், எல்லாவற்றிலும் எட்டு, ஒன்பது என்று போட்டு வாங்கிவருகிறோம். எல்லாருக்கும் சந்தோஷம். தயவுசெய்து மாதத்துக்கு ஒன்றாவது உண்மையாகச் செய்யுங்கள். எண்களை விட்டுவிட்டு, கருத்து எழுதும் இரண்டு வரி இடத்தை மட்டும் காலியாக விடாமல் எழுதித்தரச் சொல்லுங்கள். மார்க் தாராளமாகப் போடுகிறவரிடமே எப்போதும் போகாதீர்கள், குறைந்தது மூன்று வேறு வேறு ஆட்கள்.

டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியம் தரும் முதுநிலைப் பட்டம்) மாணவர்களுக்கு அந்த வாரியத்தின் ஃபார்மேட்டிவ் அசெஸ்மென்ட் தேர்வும் (படிப்பின் நடுவில் வருகிற மதிப்பீட்டுத் தேர்வு) தனியாக உண்டு, அதன் அறிவிப்பை நீங்களேதான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எம்.டி. மாணவர்கள் மூன்று மாத மாவட்ட ரெசிடென்சி (கல்லூரியை விட்டு மாவட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பது) எந்தச் செமஸ்டரில் வருகிறது என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். மூன்று, நான்கு, ஐந்தாவது செமஸ்டருக்குள் வரும், அந்தச் சமயத்தில் உங்கள் துறைக் கையெழுத்துகள் கிடைக்காது. கிளம்புவதற்கு முன் பாக்கியை முடித்துவிடுங்கள்.

7. திட்டு விழும்போது

விழும். கேஷுவாலிட்டியில் திட்டே வாங்காமல் முடித்தவரை நான் பார்த்ததில்லை. அப்போது பதில் பேசாதீர்கள், நோயாளி முன்னால் இரண்டு டாக்டர்கள் வாதாடினால் அவர் எழுந்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். ராத்திரி ரூமுக்கு வந்ததும் அந்தத் திட்டிலிருந்து மருத்துவம் சம்பந்தப்பட்ட வாக்கியத்தை மட்டும் பிரித்து எழுதுங்கள். 'அறிவிருக்கா, ஆக்சிஜன் சாச்சுரேஷன் பாக்காமயா சி.டி.க்கு அனுப்புவ?' என்றால், நோட்டில் எழுத வேண்டியது: சி.டி.க்கு அனுப்பும் முன் சாச்சுரேஷன். 'அறிவிருக்கா'வை அங்கேயே விட்டுவிடுங்கள். அப்படி எதுவுமே தேறவில்லை என்றால் மறுநாள் ஆள் சாந்தமான பிறகு போய், "சார், நேத்து அந்தக் கேஸ்ல நான் எந்த இடத்துல மாத்தணும்?" என்று கேளுங்கள். பாதிப்பேர் உட்கார வைத்துச் சொல்லித்தருவார்கள், சிலர் மன்னிப்பும் கேட்பார்கள்.

ஆனால் திட்டு வேறு, இழிவு வேறு. சாதி, ஊர், மொழி, ரிசர்வேஷன், பெண் என்பதை வைத்து அவமானப்படுத்துவது, தண்டனையாக 36 மணி நேரம் நிற்கவைப்பது, இதெல்லாம் ஃபீட்பேக் கணக்கிலேயே வராது. தேதி, நேரம், யார் கூட இருந்தார்கள் என்று எழுதி வையுங்கள். கல்லூரியின் ஆன்ட்டி-ராகிங் கமிட்டியிடம் எழுத்தில் கொடுங்கள், மருத்துவக் கல்லூரிகளுக்கென்றே என்.எம்.சி. 2021ல் ராகிங் தடுப்பு விதிகள் போட்டிருக்கிறது. மனசு தாங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ், 14416, தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை நோயாளிகளுக்கு எழுதிக்கொடுக்கிற நாம் நமக்கு மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?

8. ஆறே மாதத்தில் நீங்களும் சொல்லித்தர வேண்டி வரும்

ஜூனியர் வந்துவிடுவார், உங்களை 'அண்ணா', 'அக்கா' என்பார், நீங்களும் அப்படியே பழைய சீனியர் மாதிரி ஆகிவிடுவீர்கள், ஜாக்கிரதை. எனக்கு ஒத்துவந்தது ஒரு நிமிட முறை. ஐந்து படி: முதலில் அவர் என்ன நினைக்கிறார் என்று சொல்லவையுங்கள், ஏன் என்று கேளுங்கள், பொதுவான ஒரு விதியைச் சொல்லுங்கள், சரியாகச் செய்ததைச் சொல்லுங்கள், தப்பைத் திருத்துங்கள். வரிசை முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை.

பூச்சிமருந்து குடித்துவிட்டு வந்த ஒரு கேஸ். ஹவுஸ் சர்ஜன் தம்பி அட்ரோபின் போட்டுவிட்டு டார்ச் அடித்துக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு என்ன தோணுது, போதுமா இன்னும் வேணுமா?"

"போதும்ணா."

"எதை வச்சுச் சொல்ற?"

"கண் பாப்பா விரிஞ்சிடுச்சு."

"ஸ்டெத் வச்சியா?"

வைத்தான். நெஞ்சு முழுக்கக் களகளவென்று சத்தம். அவன் முகமே மாறிவிட்டது. "கண்ணை மட்டும் நம்பாத, நெஞ்சு காயணும். காயற வரைக்கும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை டோஸை ரெட்டிப்பாக்கு. முதல்ல துணியைக் கழட்டிக் கழுவிவிட்ட பாரு, அது சரி, அதை யாரும் சொல்லாமயே செஞ்ச." இவ்வளவுதான் பேசினோம். கை வேலையை நிறுத்தவேயில்லை.

'நல்லா பண்ற தம்பி' என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். எதை நன்றாகச் செய்தான் என்று தெரியாவிட்டால் திரும்ப எப்படிச் செய்வான்? ஆபத்தான தப்பாக இருந்தால் கேள்வியெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், கையைப் பிடித்து நிறுத்திவிட்டு நீங்கள் செய்யுங்கள், பாடம் பிறகு. திருத்தம் தனியாக, பாராட்டு எல்லார் முன்னாலும் என்று எல்லாரும் சொல்வார்கள். இரண்டாவதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை, சில பிள்ளைகள் கூட்டத்தில் பாராட்டினாலும் கூனிக் குறுகிவிடுகிறார்கள், ஆள் பார்த்துச் செய்யுங்கள்.

ஒரு இறப்புக்குப் பிறகு மட்டும் இந்த முறைகள் எதுவும் வேண்டாம். சி.பி.ஆர். முடிந்து வெளியே அழுகைச் சத்தம் கேட்கும்போது 'கம்ப்ரஷன் நிமிஷத்துக்கு நூறுக்குக் கீழே போச்சு' என்று ஆரம்பிக்காதீர்கள். தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். மறுநாள் பேசலாம்.

9. செலவும் நேரமும்

எனக்கு ஆனது: கோர்ஸ்களுக்கு மேலே சொன்ன பத்தாயிரம், நோட்டுகள் மூன்று வருடத்துக்கு ஒரு டஜன் ஐந்நூறு ரூபாய், லாக் புக் ஜெராக்ஸும் பைண்டிங்கும் ஆயிரத்துக்குள், டீச் செலவு கணக்கில்லை. நேரம் என்று பார்த்தால் ஒரு டியூட்டிக்குப் பத்து நிமிடம் கூடுதல்: ஆரம்பத்தில் ஒரு நிமிடம், முடிவில் மூன்று நிமிடம், நோட்டு எழுத ஐந்தாறு நிமிடம். பலன் தெரிய இரண்டு மாதமாவது ஆகும், அதுவரை விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று, சின்ன விஷயம் என்று விடாதீர்கள். லாக் புக்கை ஜெல் பேனாவில் எழுதாதீர்கள். நான் கடலூரிலிருந்து பாண்டிக்கு பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தவன், கார்த்திகை மழையில் ஜன்னல் ஷட்டர் இறங்காத ஒரு பஸ்ஸில் பை முழுக்க நனைந்து, ஆறு பக்கம் கையெழுத்தோடு கரைந்து நீலக் கறையாகிவிட்டது. சாதா பால்பாயிண்ட் பேனா, பிளாஸ்டிக் கவர், மாதம் ஒரு தடவை ஜெராக்ஸ் எடுத்து ஒரு செட் வீட்டில்.